தோற்கப் பார்த்த ராஜா

ஓசூரிலிருந்து போச்சம்பள்ளிக்குக் கம்பெனி வண்டியில் ஒன்றே முக்கால் மணி நேரம். திரும்பி வர இன்னொரு ஒன்றே முக்கால். இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் அந்த வண்டியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் ஒரு ராஜ்யத்தை ஆண்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆண்டேன்தான்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. டிசைன் பிரிவில் ஃபிக்சர், அதாவது மெஷினில் பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டம், வரையும் வேலை. சேர்வதற்கு முன் ஆறு மாதம் பெங்களூரில் பயிற்சி. அங்கே விடுதியில் என்னோடு தங்கியிருந்தவள் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தாள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் மதில் ஏறுகிறேன், நான் காவல்காரனிடம் பொய் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஏற முடிந்ததா, பொய் எடுபட்டதா என்பதை இருபது முகமுள்ள பகடை ஒன்று தீர்மானிக்கும். பெரிய எண் விழுந்தால் காரியம் கைகூடும். சின்ன எண் விழுந்தால் மதிலிலிருந்து கீழே விழ வேண்டியதுதான். அவள் ஊருக்குப் போகும்போது பகடையையும் ஜெராக்ஸ் எடுத்த விதிப்புத்தகத்தையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். புத்தகத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியாத பாதிக்கு நானே விதி போட்டுக்கொண்டேன்.

வண்டியில் என்னோடு ஆடியவர்கள் மூன்று பேர். முதலாவது, அளவு பார்க்கும் லேபில் இருந்த, பேரிகை என்கிற ஊர்ப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுவாள். எதையும் இரண்டு முறை அளக்காமல் நம்ப மாட்டாள். ஆட்டத்தில் அவள் வைத்தியச்சி. இரண்டாவது, ஸ்டோர்ஸில் இருந்த சேலத்துக்காரர். ஒரு போல்ட் வேண்டுமென்று போனால் மூன்று கையெழுத்து கேட்கிற மனிதர், ஆட்டத்தில் திருடனாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். மூன்றாவது, மெயின்டனன்ஸ் அண்ணன். பாகலூர்ப் பக்கம், வீட்டில் கன்னடம். முப்பத்திரண்டு வயது இருக்கும். அவர் கொல்லன்.

பகடை உருட்ட என் டிபன் பாக்ஸ் மூடி. வண்டி குலுங்கும், பகடை தெறிக்கும், சீட்டுக்கு அடியில் நாலு பேரும் குனிந்து தேடுவோம். முன்வரிசையில் தூங்குகிறவர்கள் திரும்பி முறைப்பார்கள். எங்களுக்கு அதெல்லாம் உறைக்கவே உறைக்காது.

மெயின்டனன்ஸ் அண்ணனைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கான்ட்ராக்ட் ஆள். நிரந்தரம் ஆக்குவதற்கான இன்டர்வியூவுக்கு மூன்று வருடமும் கூப்பிட்டார்கள், மூன்று வருடமும் ஆக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜையன்று மேடைக்குக் கூப்பிட்டு, சிறந்த பராமரிப்பாளர் என்று கைதட்டி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். "வூட்ல மூணு கடியாரம் இருக்குதுங்க மேடம். எதப் பாத்தாலும் ஒரே நேரந்தான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஒருமுறை ஆட்டத்தில் ஒரு பூட்டை உடைக்க அவர் உருட்டியதில் நாலு விழுந்தது. பூட்டு உடையக் கூடாது. பாவமாக இருந்தது. போனால் போகிறது என்று, பூட்டு துருப்பிடித்திருந்ததால் உடைந்துவிட்டது என்று கதையை மாற்றினேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த இரண்டு நாள் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டேன்.

"ஏண்ணே, கோவமா?"

"கோவமில்லீங்க மேடம். ஆறுதல் பரிசு எனக்கு வேணாம். தோத்தா தோத்ததாவே இருக்கட்டும். கெலிச்சா நானே கெலிக்கணும்."

அதற்குப் பிறகு நான் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

அப்படியே எட்டு மாதம் போன கதையில், எங்கள் எதிரி மலைக்கோட்டை ராஜா. கொடுங்கோலன். அவனுக்குக் குரல் கொடுப்பது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வைத்தியச்சி சந்தையில் ஒரு குறி சொல்கிறவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். எனக்கோ அன்று கடுமையான தலைவலி, வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். 'வருகிற பௌர்ணமிக்குள் மலைக்கோட்டை ராஜா ஒரு கொல்லன் கையால் தோற்பான்.' சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வண்டியில் ஏறியதும் அண்ணன் ஒரு செய்தி வைத்திருந்தார். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமை காலை வண்டிதான் எங்களோடு கடைசி. கம்பெனிக்கு வந்து கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு மத்தியானமே சென்னைக்குக் கிளம்புகிறார். "அதுக்குள்ள உங்க ராசாவ முடிச்சுட்டுத்தான் போவன்" என்றார்.

எங்களுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் திருடன் அவசரப்பட்டு அரண்மனைக்குள் புகுந்து மாட்டிக்கொண்டார். கழுவில் ஏற்றப் போகிறார்கள் என்றதும் தப்பிப்பதற்காக ராஜாவின் முகத்துக்கு நேராகவே, "என்னைக் கொன்னாலும் நீங்க ஒரு கொல்லன் கையால தோக்கத்தான் போறீங்க, குறி சொல்லியாச்சு" என்று உளறிக்கொட்டினார். ராஜா என்ன சொல்லப்போகிறான் என்று மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி கேட் வந்துவிட்டது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. உனக்குத் தோல்வி நிச்சயம் என்று ஒருத்தனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? சாயங்காலம் வண்டியில், நாட்டிலுள்ள கொல்லர்களையெல்லாம் பிடித்துச் சிறையில் போடச் சொல்லி ராஜா ஆணையிடுவதாகச் சொல்லிப் பார்த்தேன். ஸ்டோர்ஸ்காரர் சிரித்துவிட்டார்.

"கொல்லனையெல்லாம் உள்ள போட்டுட்டா கத்தி, ஈட்டி யாருங்க செய்யறது? வெளிய ஆர்டர் குடுப்பாரா?"

அதுவும் நியாயம்தான். அந்த ஆணையை அங்கேயே வாபஸ் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை, ராஜா கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரிப்பதாக வைத்துப் பார்த்தேன். "எல்லா ராசாவும் இப்படித்தான்க்கா சிரிப்பாங்க" என்று லேப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். நாட்டை விட்டு ஓடுவதாக வைக்கலாமா என்று யோசித்தேன். ராஜா ஓடிப்போய்விட்டால் அண்ணன் வெள்ளிக்கிழமை யாரை ஜெயிப்பது? நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இழுத்தடித்தேன். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து இரண்டு நாளாக மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்டோர்ஸ்காரர், நாளைக் காலை வண்டிக்கு வரமாட்டேன், நான் இல்லாமல் ஆட்டத்தை ஓட்டாதீர்கள் என்றார். ஏன் என்றால் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்தது. அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம். அண்ணன் விடுவாரா? "என்னா மாப்ள, சொல்லு மாப்ள" என்று தொடையைத் தட்டித் தட்டி வாயைப் பிடுங்கிவிட்டார்.

ஜாதகத்தில் தோஷமாம். முதல் தாரம் தங்காது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அதனால் விடிந்ததும் ஒரு தோட்டத்தில் வாழை மரத்துக்குத் தாலி கட்டி, கட்டிய கையோடு மரத்தை வெட்டிச் சாய்க்கப் போகிறார்கள். முதல் தாரம் போயாச்சு, கணக்கு தீர்ந்தது, அப்புறம் வருகிற பெண் நூறு வயசுக்கு இருப்பாள்.

"சீர்வரிசை எத்தனை தார்?" என்று அண்ணன் கேட்டார். லேப் பெண் துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற பெரிய அடியைச் சின்ன அடியாக வாங்கிக் கழித்துவிடுவது. இதுதான், இதேதான் என் ராஜா செய்யப்போவது. அவனுக்கு என்ன ஜோசியர்களுக்கா பஞ்சம்? கொல்லன் கையால் தோற்க வேண்டும் என்று விதி இருந்தால், போருக்குக் காத்திருப்பானேன்? கொல்லனை விருந்துக்குக் கூப்பிட்டு, ஒரு தாய ஆட்டத்தில் தோற்றுக் கழித்துவிட வேண்டியதுதானே. தோற்றாயிற்று, குறி பலித்தாயிற்று, இனி அவனை அசைக்க ஆள் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மனம் இல்லை. மறுநாள் ஆபீஸில் ஒரு ஃபிக்சருக்குத் துளையை எதிர்ப்பக்கம் வரைந்து வைத்தேன். லேப் பெண் படத்தைக் கையோடு கொண்டுவந்து, "என்னக்கா, ராசா நெனப்பா?" என்று மேஜையில் போட்டாள். யாரிடமும் சொல்லவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், மத்தியானம் கேன்டீனில் மூன்று டீ குடித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், நெற்றியில் பெரிய குங்குமத்தோடு ஸ்டோர்ஸ்காரர் வந்து சேர்ந்ததும், ராஜாவின் குரலை எடுத்தேன். திருடனுக்கு விடுதலை. கொல்லனுக்கு ஓலை. 'உன் வீரத்தைக் கேள்விப்பட்டோம். பகைமை வேண்டாம். நாளை அரண்மனைக்கு வந்து எம்மோடு ஒரே ஒரு ஆட்டம் தாயம் ஆடு. நீ ஜெயித்தால் ஆயிரம் பொன்னும் பட்டும் உண்டு.' ஆளுக்கு மூன்று தடவை வரை உருட்டலாம், வேண்டும் என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், கூட்டுத்தொகை அதிகம் வந்தவர் ஜெயித்தார் என்று விதியும் சொன்னேன்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "ராசாவே கூப்பிட்டு அனுப்பறாரா? ஆடறன், சொல்லுங்க" என்று ஒத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? இந்த மனிதர் வேண்டாம் என்று சொன்ன அதே ஆறுதல் பரிசைப் பட்டுத்துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். அவர் ஜெயித்தால் அது ஜெயிப்பே இல்லை. ராஜா தப்பித்துவிடுவான், இவர் நாலாவது கடிகாரத்தோடு ஒரகடம் போய்ச் சேருவார். எச்சரிக்கவும் முடியாது. எச்சரித்தால் அது பூட்டு உடைத்த கதையாகிவிடும். அவரே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தை. வழக்கமாக அன்றைக்கு வண்டி அங்கே ஊர்ந்து போகும், நாங்கள் திட்டிக்கொண்டிருப்போம். அன்று மாடுகளும் மினி லாரிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டதில் வண்டி அடியோடு நின்றுபோனது. எனக்கு அந்த மாடுகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணனின் கடைசிப் பயணத்தில் கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறதே.

ராஜாவுக்காக நான் உருட்டினேன். ஏழு. ராஜாவின் மனசுக்குள் தேன் பாய்ந்தது. இன்னும் இரண்டு தடவை உருட்டலாம், உருட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "எமக்கு இது போதும். நீ ஆடு" என்றான்.

அண்ணன் பகடையைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார், ஆனால் மூடியில் போடவில்லை.

"மேடம், ராசாவுக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்குது இல்லீங்களா?"

"இருக்கு."

"அப்பறம் என்னாத்துக்கு நிறுத்தனாரு?"

"ராசா நிறுத்திட்டார்ண்ணே. அவ்வளவுதான் எனக்குச் சொல்ல முடியும்."

அண்ணன் வேலையில் எப்படி என்றால், ஓடுகிற மெஷின் அலாரம் எதுவும் அடிக்காமல் தானாக நின்றால், மேலதிகாரி வந்து கத்தினாலும் காரணம் தெரியாமல் மறுபடி ஓட்ட மாட்டார். கை கட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்தபடியே நிற்பார். இப்போதும் அப்படியே பகடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பொன்னு, பட்டு, விருந்து" என்றார் மெல்ல. "பகையாளிக்கு யாருங்க இதெல்லாம் கூப்பிட்டுக் குடுக்கறது? இது அந்தக் கடியாரம் மாதிரி இருக்குது."

நான் முன்வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்டோர்ஸ்காரர் சட்டென்று நிமிர்ந்தார். குங்குமம் வைத்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "அண்ணா, ராசா பரிகாரம் பண்றாருங்ண்ணா. தோக்கறதுக்குத்தான் கூப்பிட்டிருக்காரு. நீங்கதாங்ண்ணா வாழை மரம்" என்றார்.

லேப் பெண் "ஆகண்டி, ஆகண்டி" என்று தெலுங்கில் எல்லாரையும் நிறுத்தினாள். "அப்ப அண்ணா கெலிக்கவே கூடாது. ராசாவ கெலிக்க உட்டுட்டா குறி அப்படியே நிக்குது."

கண்டுபிடித்துவிட்டார்கள். நான் வாயே திறக்காமல், அவர்களே. கத்த வேண்டும் போலிருந்தது. ராஜா அல்லவா நான், கத்த முடியுமா? "ஆடுகிறாயா இல்லையா?" என்று அதட்டினேன். ராஜாவின் குரல் நடுங்கியது, அதை நான் நடிக்கவில்லை.

அண்ணன் ஒத்துக்கொண்ட ஆட்டம், ஒரு தடவையாவது உருட்டித்தான் ஆக வேண்டும். ஏழுக்குக் கீழே விழ வேண்டும். எட்டு மாதமாக இருபது வா, இருபது வா என்று ஊதி ஊதி உருட்டிய பகடையில் அன்றைக்குச் சின்ன எண்ணுக்காகக் காத்திருந்தோம். முன்வரிசையில் இரண்டு பேர் விழித்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். பதில் சொல்ல யாருக்கும் பொழுதில்லை.

அண்ணன் உருட்டினார். அந்த நொடி பார்த்து டிரைவர் வண்டியை எடுத்தார். பகடை மூடியைத் தாண்டிக் குதித்துச் சீட்டுக்கு அடியில் ஓடியது. நான் குனிந்தேன்.

"தொடாதீங்க மேடம்" என்றார் அண்ணன். "யாரும் தொடக் கூடாது. லேப் பொண்ணு பாக்கட்டும்."

அவள் முழங்காலிட்டுத் தரையோடு தலையை வைத்துப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. தலையைத் திருப்பி இன்னொரு பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தாள்.

"ஐது" என்றாள்.

ஐந்துக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே சொல்தான். எனக்குப் புரியும் முன்பே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டோர்ஸ்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஏழுக்கு ஐந்து. தோற்றுப்போய் அப்படிக் குதித்த மனிதர்களை நான் பார்த்ததே இல்லை. நானும் குதித்தேன். டிபன் பாக்ஸ் மூடி எங்கேயோ உருண்டு போனது.

இனி ராஜா என்ன செய்வான்? அதை நான் யோசித்தே வைக்கவில்லை. தோற்கிற ராஜாவுக்குத்தான் வசனம் தயார் செய்திருந்தேன். ஜெயித்த ராஜாவுக்கு ஒரு வரி இல்லை. வண்டி கிருஷ்ணகிரி தாண்டிப் போச்சம்பள்ளி ரோட்டில் திரும்பியிருந்தது. மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இன்னொரு ஆட்டம் ஆடலாம்" என்றான் ராஜா.

அண்ணன் கைகூப்பினார். "ஒரே ஒரு ஆட்டம்னுதான ராசா ஓலை அனுப்பனீங்க. நான் தோத்துட்டன். உத்தரவு குடுங்க."

"பாதி ராஜ்யம் தருகிறேன். உட்கார்."

"வேணாங்க ராசா."

கொல்லன் எழுந்து சபையின் நடுவே நடந்து போகிறான். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினான். மந்திரிகள் பார்க்க, சேனாபதி பார்க்க, வாசல்காரன் பார்க்க, கொல்லன் பின்னாலேயே ஓடினான். ஒரு ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம். போகாதே. இன்னும் ஒன்று ஆடிவிட்டுப் போ. மேலங்கி தடுக்கிக் கீழே விழுந்து கொல்லனின் காலைப் பிடித்தான். எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் எதையும் யோசித்துச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

"அக்கா" என்றாள் லேப் பெண், தயங்கித் தயங்கி. "சபையே பாத்துட்டு இருக்குது. இதுக்கு மேல ராசாவுக்கு யாரு பயப்படுவாங்க? ராசா தோத்துட்டாருக்கா. கொல்லன் கையால."

ஆமாம், தோற்றுவிட்டான். கத்தி எடுக்காமல், என் தயவு இல்லாமல், விழுந்த எண்ணோடு. எட்டு மாதக் கதை முடிந்துவிட்டது. கைதட்ட வேண்டிய நேரம். நானோ இன்னும் ராஜாவின் குரலிலேயே, "இன்னொரு ஆட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது. கேட்.

முன்வரிசைக்காரர்கள் பைகளை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். அண்ணன் எழுந்தார். அவர் ஜன்னலோரம், நான் ஓரத்து சீட், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் நகரவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

"மேடம், ராசா கேக்கறாரா, நீங்க கேக்கறீங்களா?"

நான் மூடியில்லாத டிபன் பாக்ஸை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நானே கெலிச்சிருக்கன் மேடம். மொத தடவையா." அவர் சிரித்தார். "எறங்க உடுங்க."

நான் காலை மடக்கி வழி விட்டேன்.